எலுமிச்சைத் தோட்டங்களில் சொறி நோய்

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சங்காய் தரம் பிரிக்கப்படுவதைக் கண்டவர்கள் பலர் இருப்பார்கள். சாக்கிலிருந்து கொட்டப்பட்ட காய்கள் முதலில் பருமனைக் கொண்டும், பின்னர் தோலைக் கொண்டும் பிரிக்கப்படுகின்றன. மழமழப்பான தோலுள்ளவை ஒரு குவியல். பழுப்பு நிறச் சொறி படர்ந்தவை மற்றொரு குவியல். முதற்குவியல் கேரளத்துக்கும் பிற ஊர்களுக்கும் லாரி ஏறிச் செல்கிறது. இரண்டாவது குவியல் ஊறுகாய்க்காரர் சொன்ன விலைக்குப் போகிறது. இரண்டிலும் சாறு ஒன்றே, புளிப்பும் ஒன்றே. உழவர் இட்ட எருவிலும் பாய்ச்சிய நீரிலும் வேறுபாடில்லை. தோலின் மீதுள்ள சில புள்ளிகள்தாம் ஓராண்டு உழைப்பின் பலனைக் குறைத்துவிடுகின்றன.

இப்புள்ளிகள் எதனால் வந்தன என்று தோட்டக்காரர்களிடம் விசாரித்தால் பலவிதமான விடைகள் கிடைக்கும். பனியினால் வந்தது என்பார் ஒருவர். மண்ணின் உப்பு என்பார் மற்றொருவர். சத்துக் குறைவு என்று கருதி உரத்தை மேலும் இரு மடங்காக்குவோரும் உண்டு. உண்மையில் இது கிருமியினால் வரும் தொற்று நோய். இதனைச் சொறி நோய் என்கிறோம். இதன் இயல்பை அறியாமல் மருந்து வாங்குவதில் பிரயோசனம் இல்லை என்பதே நமது அபிப்பிராயம். எனவே மருந்தைப் பற்றிக் கூறுமுன் நோயைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

நோயின் இயல்பு

இந்நோயை உண்டாக்குவது சாந்தோமோனாஸ் சிட்ரி என்னும் பாக்டீரியா. பூஞ்சணம் ஒன்றே இதற்குக் காரணம் என்று முன்பு கருதி வந்தனர். அமெரிக்க வேளாண்மைத் துறையில் பணியாற்றிய கிளாரா ஹாசே என்னும் பெண்மணி 1915-ஆம் ஆண்டில் இது பாக்டீரியாவின் வேலை என்று எடுத்துக்காட்டினார். நோய் நமக்குப் புதிதன்று. 1827-க்கும் 1831-க்கும் இடையில் நம் நாட்டில் சேகரிக்கப்பட்டு, இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்தில் உலர்த்தி வைக்கப்பட்ட நார்த்தை இன இலைகளில் இச்சொறியின் அடையாளங்கள் பிற்காலத்தில் கண்டறியப்பட்டன. ஆகவே, வெளிநாட்டார் கொணர்ந்த நோய் என்று எவர் மீதும் பழி போட இயலாது.

இலையின் அடிப்புறத்தில் முதலில் குண்டூசித் தலையளவு, நீர் ஊறினாற்போன்ற புள்ளி தோன்றும். சில நாட்களில் அது பழுப்பாகி, மேலெழும்பித் தக்கையைப் போல் கரடுமுரடாகும். நடுவில் சிறு பள்ளம் விழும். இலையில் அதனைச் சுற்றி மஞ்சள் வளையம் ஒன்று காணப்படும். இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் இவ்வளையம் நன்கு விளங்கும். புள்ளி இலையின் இருபுறமும் தடவுவதற்குச் சொரசொரப்பாக இருக்கும். சத்துக் குறைவினால் வரும் மஞ்சள் நிறத்தில் இச்சொரசொரப்பு இராது. ஐயமுள்ளவர்கள் கண்ணை மட்டும் நம்பாமல் விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். காயில் வளையம் தெளிவாகத் தெரியாது. தக்கை போன்ற தழும்பே மிகுதியாகத் தோன்றும். நோய் கடுமையானால் இலைகள் உதிரும், இளங்கிளைகள் நுனியிலிருந்து காயும், பிஞ்சுகள் வெடித்து விழும்.

கிருமி செடியினுள் நுழைவதற்கு இரண்டு வழிகள் உள. இலையின் அடிப்புறத்திலுள்ள மூச்சுத் துளைகள் ஒன்று, காயங்கள் மற்றொன்று. எலுமிச்சைக்கு முள் உண்டென்பது யாவரும் அறிந்ததே. காற்று வீசும்போது ஒரு கிளையின் முள் அடுத்த கிளையின் இலையைக் கிழிக்கிறது. அதே நேரத்தில் மழையும் பெய்தால், சொறியிலிருந்து கசியும் கிருமிகள் மழைத்துளியில் கலந்து தெறித்து அக்கிழிசலில் புகுகின்றன. மணிக்குச் சுமார் 29 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசினால், மழைநீரை அது மூச்சுத் துளைகளுக்குள்ளேயே திணித்துவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்றை அறிந்தவர்களுக்கு இவ்வேகம் பெரிதாகத் தோன்றாது. சுமார் 20 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பம் கிருமிக்கு மிகவும் ஏற்றது. நமது மழைக்காலம் அத்தகையதே.

இன்னொரு துணைவனும் கிருமிக்கு உண்டு. இளந்தளிரில் வெள்ளி நூல் போல் வளைந்து வளைந்து கோடிட்டுச் செல்லும் இலைத்துளைப்பான் புழுவை எலுமிச்சை வளர்ப்போர் அனைவரும் கண்டிருப்பர். புழு குடைந்த பாதை நெடுகிலும் காயமே. அப்பாதையில் சொறி வரிசையாக எழும்புவதையும் காணலாம். புழுவை அடக்காமல் நோயை மட்டும் அடக்க முயல்வது வீண்.

எல்லா இலைகளும் எக்காலத்திலும் நோய்க்கு இடங்கொடுப்பதில்லை. தளிர் விரிந்துகொண்டிருக்கும் சில வாரங்களே அபாயமான காலம். முற்றிய இலை, காயம் படாதவரையில், கிருமியைத் தடுத்து நிற்கும். காய்க்கு, பூவிதழ் உதிர்ந்த பிறகு முதல் 90 நாட்கள் அபாயமானவை. அதன் பின் வரும் சொறி சிறிதாகவே நின்றுவிடும். மருந்து தெளிக்கும் காலத்தை நிர்ணயிக்க இவ்விரண்டு விஷயங்களே போதும். ஆயினும் நம்மவர் பலர் சொறி நன்றாகத் தெரிந்த பிறகே தெளிப்பானைத் தேடுகின்றனர். எழுந்துவிட்ட சொறியை எந்தத் தெளிப்பு மருந்தும் அழித்துவிடாது. தாமிர மருந்து, இலையின் மீது போர்வை போலிருந்து புதுக் கிருமி நுழையாமல் காப்பது. உள்ளே நுழைந்துவிட்டதைத் துரத்துவதன்று.

புளோரிடாவின் அனுபவம்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் ஆரஞ்சுக்குப் பெயர் பெற்றது. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சப்பானிலிருந்து தருவிக்கப்பட்ட நாற்றுக்களுடன் சொறி நோய் அங்குக் குடியேறியது. மரங்களைத் தீயிட்டு அழித்து, 1933-க்குள் நோயை ஒழித்தனர். பல ஆண்டுகளுக்குப் பின் அது மீண்டும் தலைகாட்டிற்று. 1995-இல் தொடங்கிய பெருமுயற்சியில், பின்னாளில் ஒரு கடுமையான விதி வகுக்கப்பட்டது. நோயுற்ற மரம் ஒன்று காணப்பட்டால், அதனைச் சுற்றி 1,900 அடி தூரத்துக்குள் இருக்கும் எலுமிச்சை, ஆரஞ்சு இன மரங்கள் யாவற்றையும், அவற்றில் நோய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், வெட்டிவிட வேண்டும் என்பதே அவ்விதி. வீட்டுக் கொல்லையில் நின்ற ஒற்றை மரங்களும் தப்பவில்லை. வழக்குகள் பல நடந்தன. ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வீழ்த்தப்பட்டன. எனினும் 2004, 2005-ஆம் ஆண்டுகளில் அடித்த சூறாவளிகள் கிருமியை வெகு தூரம் சுமந்து சென்று பரப்பிவிட்டன. 2006 சனவரியில் அந்நாட்டு அரசு ஒழிப்புத் திட்டத்தைக் கைவிட்டது.

அத்துணைப் பொருள் வசதியுள்ள நாட்டிலேயே மழையையும் காற்றையும் வேலி போட்டுத் தடுக்க முடியவில்லை. நோய் நெடுங்காலமாக ஊன்றிவிட்ட நம் நாட்டில் அதனை அடியோடு ஒழிப்பதைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. விற்கத்தக்க காயின் அளவு குறையாதபடி நோயைக் கீழே வைத்திருப்பதே நாம் செய்யக்கூடியது. அதனையும் ஒரு தோட்டக்காரர் தனித்துச் செய்துவிட இயலாது. வேலியின் மேற்கே ஒருவர் கிளையைக் கழித்து மருந்தடித்துக் காத்திருக்க, கிழக்கே மற்றொருவர் சும்மா இருந்தால், முதல் மழையிலேயே இருவர் தோட்டமும் ஒன்றாகிவிடும்.

நாற்றிலேயே தொடங்கும் தவறு

இங்கு நம்முடைய தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், ஒரு திட்டத்தின் கீழ், நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து எலுமிச்சைக் கன்றுகள் தருவித்து உழவர்களுக்கு வழங்கினோம். லாரி வந்து சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. கன்றுகளை எண்ணினோம், பதிவேட்டில் கையொப்பம் வாங்கினோம், உயரத்தையும் பையின் அளவையும் சரிபார்த்தோம். இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. முதியவர் ஒருவர் மட்டும் ஓர் இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, "ஐயா, இதில் ஊசி குத்தினாற்போல் மஞ்சளாகத் தெரிகிறதே, என்ன?" என்று கேட்டார். "வழியில் லாரியில் உரசியிருக்கும் அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அடுத்த மழைக்காலத்தில் அவ்வூரில், அதுவரை சொறி அதிகமில்லாத தோட்டங்களிலும் அது பரவி நின்றது. முதியவர் தமக்குக் கிடைத்த கன்றுகளைத் தோட்டத்தில் நடவில்லை என்பதைப் பிறகே அறிந்தோம். கிணற்றடியில் தனியே வைத்து, இரண்டு மாதம் கவனித்து, சொறி தெரிந்ததும் எரித்துவிட்டாராம்.

அவர் செய்ததே சரியான முறை. கிருமி நுழைந்தபின் புள்ளி தோன்றுவதற்குச் சாதாரணமாக ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். குளிர்ந்த காலத்தில் 60 நாட்கள் வரையிலும் ஆகலாம். ஆகவே இன்று சுத்தமாகத் தோன்றும் கன்றும் நாளை சொறி காட்டக்கூடும். எங்கிருந்து வாங்கினாலும், அரசே இலவசமாக வழங்கினாலும், புதுக் கன்றுகளைப் பழைய மரங்களுக்கு அப்பால் இரண்டு மாதமேனும் வைத்திருந்து நடுவதே நன்று.

நம் பக்கத்து எலுமிச்சை பெரும்பாலும் விதையிலிருந்தே வளர்க்கப்படுகிறது. விதையின் மூலம் இந்நோய் வருவதில்லை. அப்படியானால் நாற்றுக்கு நோய் எங்கிருந்து வருகிறது? பலர் பாத்தியைத் தாய்மரத்தின் நிழலிலேயே அமைக்கின்றனர். மரத்திலிருந்து சொட்டும் ஒவ்வொரு மழைத்துளியும் நாற்றின் மேல் கிருமியை இறக்குகிறது. பூவாளியால் மேலிருந்து நீர் தெளிப்பதும் ஒரு நாற்றிலிருந்து பக்கத்து நாற்றுக்கு நோயைத் தெறிக்கச் செய்யும். எலுமிச்சை மரங்களிலிருந்து விலகிய இடத்தில் பாத்தி அமைத்து, தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ், வேருக்கு மட்டும் நீர் விட்டு வளர்த்தால் நோயற்ற கன்று பெறுவது கடினமன்று. செலவும் அதிகமில்லை, இடத்தை மாற்றுவதே முக்கியம். பாலாஜி, ரஸ்ராஜ் போன்ற இரகங்கள் சொறியை ஓரளவு தாங்குபவை. எனினும் இரகத்தை நம்பி மற்றவற்றைக் கைவிடலாகாது.

தோட்டத்தில் செய்ய வேண்டுவன

கிருமி தரையில் நெடுநாள் வாழ்வதில்லை. உதிர்ந்த இலை மக்கினால் அதுவும் அழியும். உலர்ந்த இரும்பிலும் துணியிலும் சில நாட்களிலேயே மடிந்துவிடும். ஆனால் மரத்திலேயே நிற்கும் கிளைச் சொறியில் அது ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அடுத்த மழைக்கு வேண்டிய விதை அங்கேதான் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. எனவே வெட்ட வேண்டியது சொறி பிடித்த கிளைகளையே. கோடைக்காய் பறித்து முடிந்ததும் ஒரு முறையும், ஐப்பசி மழைக்கு முன்னர் ஒரு முறையும், உலர்ந்த வெயில் நாளில் இவற்றைக் கழித்து, அன்றே தோட்டத்துக்கு வெளியே எரித்துவிட வேண்டும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குச் செல்லுமுன் கத்திரியை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். இலை ஈரமாக இருக்கும்போது மரத்தைத் தொடுவதே கூடாது. காய் பறிப்பதும் பனி உலர்ந்த பிறகே.

காய்க்கும் கிளையில் அரிவாள் வைக்க மனம் வராது என்பதை நாம் அறிவோம். சொறிக் கிளையில் விளையும் காய் ஊறுகாய்க் குவியலுக்கே போகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மனம் சற்று இணங்கும்.

கிளை கழித்ததும் ஒரு சதவிகித போர்டோக் கலவை தெளிக்க வேண்டும். இக்கலவைக்கு ஒரு கதை உண்டு. பிரான்சு நாட்டின் போர்டோப் பகுதியில், சாலையோரத் திராட்சையைப் பறித்துத் தின்போரை அச்சுறுத்துவதற்காக மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிகளின் மீது தெளித்து வந்தனர். அவ்வோரத்துக் கொடிகளை அடிச்சாம்பல் நோய் தாக்காததைக் கவனித்த மியார்தே என்னும் பேராசிரியர், 1885-இல் அக்கலவையை மருந்தாக வெளியிட்டார். இன்றும் அது பயன்பட்டு வருகிறது. கடையில் புதுப் பெயருடன் விற்கப்படும் மருந்து கிடைக்கவில்லையே என்று வருந்துவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

கலக்கும் முறையில் தவறினால் பயன் இராது, இலையும் கருகும். மயில்துத்தம் ஒரு கிலோவை 50 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி அல்லது மண்பாண்டமே ஏற்றது. இரும்புப் பாத்திரம் ஆகாது. வேறொரு தொட்டியில், நீற்றாத புதுச் சுண்ணாம்புக் கல் ஒரு கிலோவைச் சிறிது சிறிதாக நீர் விட்டு நீற்றி, 50 லிட்டராக்கித் துணியில் வடிகட்ட வேண்டும். பின்னர், துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றி, ஒருவர் இடைவிடாது கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சுண்ணாம்பைத் துத்தத்தில் ஊற்றுவது தவறு. கலந்த பிறகு பளபளப்பாகத் தேய்த்த கத்தியை ஒரு நிமிடம் அதில் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். செந்நிறம் படிந்திருந்தால் துத்தம் மிகுதி. சுண்ணாம்புப் பால் இன்னும் சேர்க்க வேண்டும். கத்தி நிறம் மாறாதிருந்தால் கலவை சரி. அன்றே பயன்படுத்திவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் கெட்டுவிடும். கைகளையும் கண்களையும் மூடிக் காத்துக்கொண்டு, இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளிக்க வேண்டும். தெளித்தது உலர்வதற்கு அவகாசம் இருக்கும் நாளாகப் பார்த்துத் தெளிப்பது அவசியம்.

கலக்க வசதியில்லாதவர்கள் லிட்டருக்கு 3 கிராம் வீதம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்துத் தெளிக்கலாம். கிளை கழித்ததும் ஒரு முறை, அதன்பின் புதுத் தளிர் விரியும் போதெல்லாம் ஒரு முறை, பிஞ்சு மிளகளவிலிருக்கும்போது ஒரு முறை என்பது கணக்கு. தேவையின்றி மேலும் மேலும் தெளித்தால் தாமிரம் மண்ணில் தங்கிச் சேரும். இலைத்துளைப்பானுக்கு, லிட்டருக்கு 50 கிராம் வீதம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடித்த கரைசலைத் தளிர்ப் பருவத்தில் மாலை வேளையில் தெளிக்கலாம். காற்று வரும் திசையில் சவுக்கும் அகத்தியும் அடர்த்தியாக நட்டால், மருந்தின் வேலையில் ஒரு பகுதியை அவை செய்துவிடும்.

ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற எதிர்ப்பு மருந்துகளைத் தாமிரத்துடன் கலந்து தெளிப்பது வழக்கமாகிவிட்டது. மனிதர்க்கு வரும் காசநோய்க்கு உதவும் மருந்து அது. வயலில் பரவலாகத் தெளித்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவையைப் பயிர்களுக்குப் பயன்படுத்துவதை நிறுத்தும் நோக்குடன் மத்திய அரசு 2021 திசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது. கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு இம்மருந்தை வாங்கலாகாது. தோட்டக்கலை அலுவலரைக் கேட்காமல் இதனைத் தொடவே வேண்டாம்.

எலுமிச்சை இனத்துக்கு வரும் மற்றொரு பாக்டீரியா நோயையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இலையின் நடு நரம்புக்கு இருபுறமும் ஒத்திராமல், திட்டுத் திட்டாக மஞ்சள் படர்ந்து, சொரசொரப்பு ஏதுமின்றி இருந்தால் அது பசுமையாதல் நோயாக இருக்கலாம். சைலா என்னும் சிறு பூச்சியே அதனைப் பரப்புகிறது. அப்பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழும். அந்நோய்க்குத் தாமிரம் பயன்படாது. மரத்தை அகற்றுவதே வழி. அதனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஊராட்சியின் பங்கு

ஒரே வாரத்தில் ஊர் முழுவதும் கிளை கழிப்பது என்பது சொல்வதற்கு எளிது. கிளை கழிக்கத் தெரிந்த ஆட்கள் சிலரே. தெளிப்பான் எல்லோரிடமும் இல்லை. ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் சிரத்தை எடுத்துக்கொண்டால் இவ்விடர் தீரும். 2022 முதல் நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் மே 1-ஆம் தேதிக் கூட்டமும் ஆகஸ்டு 15-ஆம் தேதிக் கூட்டமும் இவ்விரு மழைக்காலங்களுக்கும் முன்னதாக வருவது நல்வாய்ப்பே. எந்த வாரம், எந்தத் தெருவார் தோட்டம் முதலில், கலவைத் தொட்டி எவர் கிணற்றடியில் என்பன போன்றவற்றை அன்றே பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம்.

மிகவும் தொல்லை தருவது கவனிப்பாரற்ற தோட்டமே. நாமறிந்த ஓர் ஊரில் உரிமையாளர் வெளியூரில் குடியேறிவிட, அவருடைய தோட்டம் சொறிக் காடாக நின்றது. சுற்றிலுமிருந்த உழவர்கள் இரண்டு ஆண்டுகள் மருந்தடித்தும் பயனில்லை, பகைமையே வளர்ந்தது. இறுதியில் ஊராட்சித் தலைவர் தொலைபேசியில் அவரிடம் பேசினார். கழிக்கும் கூலியை அண்டையார் ஏற்பது, நன்றாக உள்ள விறகை அவர்களே எடுத்துக்கொள்வது, காய் உரிமையாளருக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொண்டனர். நீதிமன்றம் சென்றிருந்தால் இத்தனை விரைவில் முடிந்திராது.

முன்னர்க் கூறிய முதியவரை அண்மையில் சென்று கண்டோம். மரங்களுக்கு அப்பால், மேட்டு நிலத்தில், கீற்றுப் பந்தலின் கீழ் அவர் இப்போது சொந்தமாக நாற்றுவிடுகிறார்; ஊரார் அவரிடமே கன்று வாங்குகின்றனர். பந்தலுக்குள் நுழையப் போன நம்மைத் தடுத்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அடுத்த ஊர் எலுமிச்சைத் தோட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னோம். வாளியையும் சோப்பையும் காட்டி, கைகால் கழுவிக்கொண்ட பிறகே உள்ளே விட்டார்.